பச்சையும் பாம்படமும்

தென்பாண்டிச் சீமையில் காது வளர்த்தல் ஒரு காலத்தில் மகளிர்க்குப் பெருமிதமாக விளங்கிற்று. குழந்தைப் பருவத்திலேயே மடலைத் துளைத்து, ஈயக் குணுக்கு மாட்டித் தோள்வரை தொங்கச் செய்தனர். பின்னர்ப் பாம்படமும் தண்டட்டியும் பூட்டினர். இசுலாமிய மகளிர் செவி விளிம்பில் வரிசையாய்த் துளையிட்டு அலுக்கத்து அணிந்தனர். குறத்தியர் ஊர்தோறும் வந்து முன்கையில் கோலமும் தேளும் பச்சை குத்திச் சென்றனர்.

காலம் மாறிற்று. நீண்ட செவி பட்டிக்காட்டு அடையாளமென எள்ளப்பட, மடலை அறுத்துத் தைத்துக்கொண்டோர் பலர். இன்றோ பெயர்த்தி மூன்றாம் துளையிட்டு, மணிக்கட்டில் வண்ணத்துப்பூச்சி குத்தி வருகிறாள். "படைத்தவன் தந்த மேனியைப் புண்படுத்தலாமா?" எனத் தாய் சினக்கிறாள். "உங்கள் மூக்கும் காதும் குத்தப்பட்டவை அல்லவா?" என மகள் வினவுகிறாள். பாட்டியோ செவியின் தையல் தழும்பைத் தடவியபடி வாளாவிருக்கிறாள்.

அழகு காலந்தோறும் மாறுவது. அதனை அளவுகோலாக்குதல் இயலாது. முடிவு யாருடையது என்பதே கேட்கத்தக்க வினா. பாட்டியின் மடலை வளர்த்தோர் அவள் விருப்பத்தை வினவவில்லை. அதனை அறுக்கச் செய்ததும் பிறர் நகைப்பே. பெயர்த்தியை உந்துவது தன் விருப்பமா, தோழியர் வழக்கமா என்பதை அவளே ஆராய்தல் வேண்டும். தூய்மையற்ற ஊசி மஞ்சட்காமாலைக் கிருமியைக் குருதியில் சேர்க்கும். குத்திய பச்சை எளிதில் அழியாது. வயது வந்த பெண் இவற்றை அறிந்து முடிவு செய்யட்டும். தாய்மார் சினத்தை விடுத்து, "எண்ணித்தான் செய்தாயா?" என்று கேட்டல் நன்று.