பிரேக் மட்டும் நன்றாக இருந்தால் போதுமா?

"பிரேக் பேடெல்லாம் புதுசா மாத்தியாச்சு அக்கா. ஆனாலும் குண்டு குழி ரோட்டுல பிரேக் போட்டா, வண்டி குதிச்சுக்கிட்டே தள்ளிப் போய்த்தான் நிக்குது!" என்றாள் எதிர்வீட்டுப் பெண். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் காரில் கொண்டு விடுகிறவள் அவள்தான்.

"ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொன்னியாம்மா?" என்றேன். விழித்தாள்.

சகோதரிகளே, பிரேக் பிடித்து நிறுத்துவது சக்கரத்தைத்தான். வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு. சக்கரம் துள்ளிக்கொண்டே இருந்தால் பிடிப்பு ஏது? ஸ்பிரிங் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இராமல் அடக்குவது, உள்ளே எண்ணெயும் பிஸ்டனும் உள்ள ஷாக் அப்சார்பர். "ஏ.பி.எஸ். இருக்கே" என்று இருந்துவிடாதீர்கள். அதுவும் டயரின் பிடிப்பை நம்பித்தான் வேலை செய்கிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் கார் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பந்தைத் துரத்தி ஒரு குழந்தை குறுக்கே வந்தால், ஒவ்வொரு அடியும் பெரிசுதான்!

மாதம் ஒரு முறை, என்ஜினை அணைத்து, ஹாண்ட் பிரேக் போட்டு, சமதரையில் நீங்களே பாருங்கள்:

1. வண்டியின் ஒரு மூலையை நன்றாக அமுக்கி விடுங்கள். ஓரிரு ஆட்டத்தில் அடங்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. நாலு மூலையும் பாருங்கள். ஆடவில்லை என்பதற்காக மற்றதை விட்டுவிடக் கூடாது.

2. சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடித்து, எண்ணெய்க் கசிவு உண்டா என்று பாருங்கள்.

3. டயரைக் கையால் தடவுங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளுகிறது என்று சந்தேகப்படலாம்.

4. பிரேக் ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா? குறைந்தால் ஊற்றிவிட்டுச் சும்மா இராதீர்கள். பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ ஒழுகுகிறது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பெரும்பாலான கார்களில் சுமார் 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள்.

பார்ப்பதோடு நம் வேலை முடிந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலை மட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, "முன்பக்கம்னா முன்பக்கம் ரெண்டையும் ஜோடியா மாத்துங்க, அலைன்மென்ட்டும் பாத்துடுங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும். பின் ஸீட்டில் இருக்கிற செல்வங்களுக்கு முன்னால் அது ஒரு செலவா?