பச்சை விளக்கு சொன்ன பொய்

வானொலியில் காலை நிகழ்ச்சி. விடியற்காலை நாலரைக்கு மோட்டாரைக் கிளப்பினேன். மீட்டரில் நியூட்ரலின் பச்சை விளக்கு. அதை நம்பி லேசாக முறுக்கினேன், மோட்டார் பாய்ந்தது! கேட்டைத் திறந்துகொண்டிருந்த அப்பாவின் காலுக்கு ஒரு சாண் தள்ளி பிரேக் பிடித்தேன். உண்மையில் இருந்தது முதல் கியர்.

பட்டறை அண்ணன் மீட்டரைத் தொடவே இல்லை. என்ஜினில் உள்ள கியர் சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றினார். “இப்பவும் பச்சை எரியுது பாரு தம்பி. கோளாறு சுவிட்சுல இல்ல, மேல போற வயர்ல.”

நியூட்ரலில் மட்டும் அந்த வயர், சுவிட்ச் வழியாக என்ஜின் உலோகத்தோடு சேரும், விளக்கு எரியும். என் மோட்டாரில் உறை தேய்ந்த வயர் சேசிஸில் உரசி, எல்லாக் கியரிலும் எரிய வைத்திருக்கிறது. சாக்கெட்டைக் கழற்றியதும் அணைந்திருந்தால் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். ஓர் எண் மட்டும் வராவிட்டால், அதற்குரிய வயரையும் சுவிட்சில் அதன் முனையையும் பார்க்க வேண்டும்.

புது உறை போட்டாயிற்று. ஆனாலும், கிளப்புவதற்குமுன் மோட்டாரை ஓர் அடி முன்னால் உருட்டிப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு இப்போது ஓரமாக நின்றுகொள்கிறார்.