ஸ்பீடு கன்ட்ரோலர் வாங்கப் போகிறீர்களா? ஆம்பியரைக் கடைசியில் பாருங்கள்

மாடல் விமானம் பறக்கவிடும் மைதானங்களில் அடிக்கடி நடக்கிற விஷயம் இது. ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான இறக்கை, ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. விமானம் மூக்கை வானத்துக்கு நிமிர்த்திக்கொண்டு ப்ரொப்பெல்லரின் இழுப்பிலேயே தொங்குகிறது. இதற்கு ஹோவர் என்று பெயர். வாலுக்கும் தரைக்கும் நடுவில் ஓர் ஆள் உயரம்தான் இருக்கும். திடீரென்று சத்தம் நிற்கிறது. அடுத்த நொடி வால் உடைந்து, மோட்டார் மண்ணுக்குள்...

சுற்றி நிற்பவர்களில் ஒருவர் "சிக்னல் போச்சு" என்பார். இன்னொருவர் "பேட்டரி சரியில்ல" என்பார். பறக்கவிட்டவர் பாவம், கையில் இருக்கும் ரிமோட்டையே உற்றுப் பார்ப்பார். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பலகையை யாரும் பார்க்க மாட்டார்கள். அதுதான் ஈ.எஸ்.சி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எலெக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலர்.

அதை வாங்கும்போதும் அப்படித்தான். மோட்டாரை நாலு நாள் ஆராய்ந்து வாங்குவார்கள். ப்ரொப்பெல்லருக்கு அட்டவணை போடுவார்கள். ஈ.எஸ்.சி என்று வந்ததும் ஒரே கேள்விதான்: "எத்தனை ஆம்பியர்?" மோட்டார் 36 ஆம்பியர் இழுக்கும், ஆகவே 40 ஆம்பியர் ஈ.எஸ்.சி, முடிந்தது கதை. சம்பளத்தை மட்டும் விசாரித்துவிட்டு மாப்பிள்ளையை முடிவு செய்வது மாதிரி. சம்பளம் முக்கியம்தான். ஆனால் அது மட்டுமேவா?

சாதாரணப் பயிற்சி விமானத்துக்கு இந்தக் கணக்கு போதும். மோட்டார் நின்றாலும் அது மிதந்து வந்து இறங்கிவிடும். ஆனால் ஏரோபாட்டிக்ஸ் எனப்படும் சாகச விமானத்தின் கதை வேறு. அதற்கு ஈ.எஸ்.சி தேர்ந்தெடுக்கும்போது ஆம்பியர் எண்ணைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது பி.இ.சி.

பி.இ.சி என்பது ஈ.எஸ்.சிக்குள்ளேயே இருக்கும் சிறிய மின்வழங்கி. மோட்டாருக்கான பெரிய பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை எடுத்து, 5 வோல்ட்டாகக் குறைத்து, ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் கொடுக்கும். மோட்டார் நின்றால் விமானத்தின் இழுவை போகும், அவ்வளவுதான். பி.இ.சி நின்றால் ரிசீவர் செத்துவிடும், ஏலரான், எலிவேட்டர், ரட்டர் எதுவும் அசையாது. அதற்குப் பிறகு அது விமானம் இல்லை, எறியப்பட்ட கல். அது எங்கே விழும், யார் தலையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த பி.இ.சியில் இரண்டு ஜாதி உண்டு. விலை குறைந்த ஈ.எஸ்.சிக்களில் இருப்பது பெரும்பாலும் லீனியர் வகை. கூடுதலாக இருக்கும் வோல்டேஜை அப்படியே சூடாக மாற்றித் தள்ளிவிடும். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. முழுதாகச் சார்ஜ் ஆன 3எஸ் லைப்போ பேட்டரி 12.6 வோல்ட். தேவை 5 வோல்ட். மிச்சம் 7.6. நான்கு டிஜிட்டல் சர்வோக்கள் சேர்ந்து சராசரியாக 1.5 ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொண்டால் 11.4 வாட் சூடு. லேபில் நாம் பிடிக்கும் 25 வாட் சோல்டரிங் அயர்னில் கிட்டத்தட்டப் பாதி, விரல் நுனி அளவு சில்லுக்குள்! அதே ஈ.எஸ்.சியில் 4எஸ் பேட்டரியைச் சொருகினால் மிச்சம் 11.8 வோல்ட், சூடு 17.7 வாட். இப்படிச் சூடாகும் ரெகுலேட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கட்டத்தில் தானே அணைந்துவிடும். அதன் தர்மத்தில் அது சரி. விமானத்துக்குத்தான் சரியில்லை.

அதனால்தான் லீனியர் பி.இ.சி உள்ள ஈ.எஸ்.சியின் கையேட்டில் "3எஸ் என்றால் இத்தனை சர்வோ, 4எஸ் என்றால் இத்தனை" என்று ஒரு குட்டி அட்டவணை இருக்கும். யாரும் படிப்பதில்லை. அந்த அட்டவணையும் சாதாரணச் சர்வோக்களை நினைத்துப் போட்டதுதான். ரோலிங் ஹேரியர் மாதிரி ஒரு சாகசத்தில் நான்கு சர்வோக்களும் ஒரே நேரத்தில், விடாமல், பெரிய கோணத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அட்டவணை போட்டவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இன்னொரு ஜாதி ஸ்விட்சிங் பி.இ.சி. வேகமாகத் திறந்து மூடி வோல்டேஜைக் குறைப்பதால் சூடாக வீணாவது கொஞ்சம்தான். சாகச விமானம் என்றால் இது இல்லாத ஈ.எஸ்.சியைத் தொடவே கூடாது. ஏற்கெனவே லீனியர் வகையை வாங்கித் தொலைத்துவிட்டவர்களும் தூக்கி எறிய வேண்டியதில்லை. தனியாக ஒரு ஸ்விட்சிங் பி.இ.சி வாங்கிக்கொள்ளலாம். 10, 15 கிராம்தான் எடை. பேட்டரியிலிருந்து நேராக அதற்கு ஓர் இணைப்பு. ஈ.எஸ்.சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று வயரில் நடுவில் உள்ள சிவப்பை மட்டும் கனெக்டரிலிருந்து உருவி, டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு மின்வழங்கிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டக் கூடாது, அதற்காக.

"இவ்வளவு பயம் தேவையா?" என்று கேட்கலாம். உலகப் போட்டிகளில் பறக்கும் எஃப்3ஏ வகை விமானங்களைப் பாருங்கள். விதிப்படி இரண்டு மீட்டருக்குள் நீளமும் இறக்கையும், 5 கிலோவுக்குள் எடை, மோட்டார் சுற்றுக்கு அதிகபட்சம் 42.56 வோல்ட். எடைக்காக ஸ்க்ரூவைக்கூட மாற்றிப் பார்க்கிற கூட்டம் அது. அவர்களில் பலர் ரிசீவருக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரியைச் சுமந்துகொண்டு பறக்கிறார்கள். கிராம் கிராமாக எடையைக் குறைக்கிறவர்கள் இதில் மட்டும் தாராளமாக இருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா?

அடுத்தது, ஈ.எஸ்.சி எந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்தும் என்பது. கிணற்றடி மோட்டார் ஸ்டார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் குறைந்தால் ட்ரிப் ஆகும், காயில் பிழைக்கும். தண்ணீர் வராது, அவ்வளவே நஷ்டம். ஈ.எஸ்.சியிலும் அப்படி ஒரு காவல் உண்டு. லைப்போ செல் சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும் என்பதால் அதற்கு முன்பே மோட்டாரை நிறுத்திவிடும். பல ஈ.எஸ்.சிக்களில் இதற்கு இரண்டு வழி இருக்கும். ஒன்று பட்டென்று நிறுத்துவது, மற்றது மெல்ல மெல்ல வேகத்தைக் குறைப்பது.

சாகச விமானத்துக்கு முதலாவது எமன். ஹோவரில் இருந்து தப்பிக்கத் த்ராட்டிலை முழுதாகத் தள்ளும் அந்தக் கணத்தில்தான் பேட்டரி வோல்டேஜ் படுத்துக்கொள்ளும். பழைய பேட்டரி என்றால் கேட்கவே வேண்டாம். மோட்டார் மிக அவசியமாகத் தேவைப்படும் அதே நொடியில் ஈ.எஸ்.சி அதைப் பிடுங்கிவிடும்! 800 ரூபாயோ 1,500 ரூபாயோ கொடுத்து வாங்கிய பேட்டரியைக் காப்பாற்றி, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள விமானத்தைப் பலி கொடுப்பது என்ன நியாயம்? மெல்லக் குறைக்கும் வசதி இல்லாத ஈ.எஸ்.சி எத்தனை ஆம்பியராக இருந்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகும் அதை நம்பிப் பறக்காமல் ரிமோட்டில் டைமர் வைத்து, பேட்டரியில் கால் பங்கு மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுவது உத்தமம்.

சரி, இப்போது ஆம்பியருக்கே வருவோம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முழு த்ராட்டிலில் பேட்டரி வயரில் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள், 36 காட்டுகிறது. ஹோவரில் 13 காட்டுகிறது. "பாதி த்ராட்டிலில் ஈ.எஸ்.சிக்கு ஓய்வு" என்று முடிவுக்கு வருகிறார்கள். தவறு. பாதி த்ராட்டில் என்பது குழாயைப் பாதி திறப்பது மாதிரி கிடையாது. மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுவது. மூடியிருக்கும் நேரத்திலும் மோட்டார் சுருளுக்குள் மின்னோட்டம் ஈ.எஸ்.சி வழியாகவே சுழன்றுகொண்டிருக்கும். பேட்டரி வயரில் வைத்த மீட்டருக்கு அது தெரியாது. உந்துவிசை பாதியானால் மோட்டாரில் ஓடும் மின்னோட்டமும் ஏறக்குறையப் பாதி, அதாவது 18 ஆம்பியர். மீட்டர் சொன்னதோ 13. போதாததற்கு ஒவ்வொரு திறப்பு மூடலிலும் கொஞ்சம் சூடு. முழு த்ராட்டிலில் இந்தத் திறப்பு மூடல் கிடையாது.

விமானம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வேகமாகப் பறக்கும்போது வயிற்றுக்குள் புகும் காற்று இப்போது இல்லை. ஆகவே சாகச விமானத்தின் ஈ.எஸ்.சி அதிகம் வாடுவது மேலே சீறிப் பாயும்போது அல்ல, பார்க்க அமைதியாகத் தொங்கும்போதுதான். காற்று உள்ளே வர ஓட்டை போடுகிறவர்கள், வெளியே போக அதைப் போல இரண்டு மடங்கு ஓட்டை போட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் இரண்டு மடங்கு ஆம்பியராக வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், பாதி தீரும். 40க்குப் பதில் 80 ஆம்பியர் வாங்கினால் சூடு குறையும், உண்மை. ஆனால் எடையும் கூடும், 850 கிராம் விமானத்தில் அது உறைக்கும். பெரிய ஈ.எஸ்.சி என்பதாலேயே பி.இ.சி நன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பல பெரிய ஈ.எஸ்.சிக்களில் பி.இ.சியே இருக்காது. கால் பங்கு கூடுதல் வைத்துக்கொண்டால் போதும், மிச்சக் காசை நல்ல பி.இ.சியில் போடலாம்.

ட்ரோன் செய்து மிஞ்சிப்போன ஈ.எஸ்.சியை விமானத்தில் மாட்டும் வழக்கம் கல்லூரிகளில் பரவி வருகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் தெரிந்து மாட்ட வேண்டும். பெரும்பாலும் அவற்றில் பி.இ.சி இருக்காது. அவற்றின் ஆம்பியர் எண், ப்ரொப்பெல்லர் காற்று நேராக மேலே அடிக்கும் இடத்தை நினைத்துப் போட்டது. மூடிய மூக்குக்குள் அதே எண் செல்லாது. உள்ளே ஓடும் மென்பொருளையும் பார்க்க வேண்டும். ட்ரோன்களில் கொடிகட்டிப் பறந்த பி.எல்.ஹெலி 32 மென்பொருள் 2024-இல் நின்றுபோனது. ஏ.எம்.32 என்ற திறந்த மூல மென்பொருளுக்குப் பலர் மாறியிருக்கிறார்கள்.

மென்பொருள் ஏன் முக்கியம்? பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று வயரில் எந்த நேரமும் இரண்டில்தான் மின்சாரம் போகும். சும்மா இருக்கும் மூன்றாவதில் எழும் வோல்டேஜை வைத்துத்தான் காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று ஈ.எஸ்.சி கண்டுபிடிக்கிறது. 14 காந்தம் உள்ள மோட்டார் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றினால், வினாடிக்கு 6,300 முறை இதைச் சரியாகச் செய்தாக வேண்டும். பெரிய ப்ரொப்பெல்லரை மாட்டி த்ராட்டிலைத் திடீரென்று தள்ளும்போது சில ஈ.எஸ்.சிக்கள் கணக்கைத் தவறவிடும். "கிரீச்" என்று ஒரு சத்தம், மோட்டார் திக்கும் அல்லது நிற்கும். டைமிங் அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். சரியாகாவிட்டால் அந்த ஜோடிக்குப் பொருத்தம் இல்லை என்று அர்த்தம். ஒரே மோட்டாரை அதே ப்ரொப்பெல்லரோடு பறக்கவிடும் ஒருவரிடம் கேட்டு வாங்குவது இதனால்தான் நல்லது.

கம்பியில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் எஃப்2பி சாகசத்தில் ஈ.எஸ்.சியின் இடம் இன்னும் பெரியது. அங்கே பறக்கவிடுபவரின் கையில் பெரும்பாலும் த்ராட்டிலே கிடையாது. ஒரு டைமர் ஆரம்பித்து வைக்கும், பிறகு பேட்டரி இறங்கினாலும் விமானம் மேலே ஏறினாலும் சுற்று வேகம் மாறாமல் பார்த்துக்கொள்வது ஈ.எஸ்.சியின் கவர்னர். அங்கே கவர்னர் எப்படி என்று கேட்காமல் ஆம்பியரை மட்டும் கேட்பவர்களைக் காண்பது அரிது. அந்தக் கவர்னரும் வேலை செய்ய இடம் வேண்டும். ஏற்கெனவே முழு த்ராட்டிலில் ஓடும் மோட்டாரை அது இன்னும் எங்கே தள்ளும்? மோட்டாரின் கேவி எண்ணைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, 80, 85 சதவீதத்தில் ஓடும்படி வைக்கிறார்கள்.

பொருத்தும்போது ஒரு விஷயம். வயர் நீளம் போதாவிட்டால் மோட்டார் பக்கத்து வயரை நீட்டலாம். பேட்டரி பக்கத்து வயரை நீட்டினால் வோல்டேஜ் அலைகள் ஈ.எஸ்.சியின் கெப்பாசிட்டர்களைச் சாகடிக்கும். வேறு வழியில்லை என்றால் கூடுதல் கெப்பாசிட்டர் போட வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு, பறக்கவிடும் முன் ஒரு சோதனை. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். இதில் சோம்பல் வேண்டாம், விரல் முக்கியம். முழு சார்ஜ் பேட்டரியைச் சொருகி, ரிசீவரின் காலி இடம் ஒன்றில் வோல்ட்மீட்டரை வையுங்கள். இரண்டு ஸ்டிக்குகளையும் மூன்று நிமிடம் கன்னாபின்னாவென்று ஆட்டுங்கள். நண்பர் ஒருவர் ஏலரானை விரலால் லேசாகத் தடுத்துப் பிடிக்கட்டும். 5 வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர் 4.5க்குக் கீழே எட்டிப் பார்த்தாலோ, ஈ.எஸ்.சியின் மேல் விரல் வைக்க முடியாத அளவு சுட்டாலோ, அன்று விமானம் வீட்டிலேயே இருக்கட்டும்.