காட்டு வாத்து குஞ்சை வீட்டுக்கு தூக்கி வரலாமா? பாசத்தில் செய்தாலும் வம்புதான்!

செங்கல்பட்டு:

வடகிழக்கு பருவமழை கொட்டி ஏரி, குளம் நிரம்பி விட்டால் போதும். நாணல் புதரிலும், வயல் வரப்பிலும் காட்டு வாத்துகள் முட்டையிட தொடங்கி விடும். களை எடுக்கப் போகும் பெண்கள், மாடு மேய்க்கும் சிறுவர்கள், மீன் பிடிப்பவர்கள் கண்ணில் குஞ்சுகள் படுவதும் அப்போதுதான்.

பஞ்சு உருண்டை மாதிரி நாலைந்து குஞ்சுகள் தத்தித் தத்தி ஓடுவதை பார்த்தால் யாருக்குத்தான் மனசு வராது? "அய்யோ பாவம், தாய் இல்லை போல" என்று மடியில் கட்டி வீட்டுக்கு கொண்டு வந்து விடுகிறார்கள். சிலர் முட்டையையே எடுத்து வந்து அடைக்கோழிக்கு அடியில் வைத்து பொரிக்கிறார்கள்.

இதில் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒன்று குஞ்சின் உயிருக்கு. இன்னொன்று தூக்கி வந்தவருக்கு.

தாய் எங்கே போனது?

தமிழகத்திலேயே தங்கி குஞ்சு பொரிக்கும் காட்டு வாத்துகளில் முக்கியமானவை புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, குள்ளத்தாரா. புள்ளிமூக்கு வாத்து தரையில் புல் மறைவில் கூடு கட்டும். சிறகியும் குள்ளத்தாராவும் மரப்பொந்தில் முட்டையிடும். பொரித்த ஓரிரு நாளிலேயே குஞ்சுகள் பொந்தில் இருந்து குதித்து தண்ணீருக்கு போய் விடும்.

ஆள் நடமாட்டம் தெரிந்தால் தாய் வாத்து ஓடி ஒளியும். சில நேரம் இறக்கை ஒடிந்தது போல நடித்து ஆளை வேறு பக்கம் இழுக்கும். இதை புரிந்து கொள்ளாமல்தான் 'அனாதைக் குஞ்சு' என்று நினைத்து எடுத்து விடுகிறார்கள். கொஞ்ச தூரம் தள்ளி நின்று காத்திருந்தால் பெரும்பாலும் தாயே வந்து அழைத்துப் போய் விடும்.

தண்ணீரில் விட்டால் சாகும்

வாத்து குஞ்சுதானே என்று வாளியில் தண்ணீர் ஊற்றி நீந்த விடுவார்கள். அங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. தாயின் அணைப்பில்தான் குஞ்சு காய்ந்து சூடேறும். தாய் இல்லாத குஞ்சின் தூவி நனைந்து, குளிரில் விறைத்து செத்துப் போகும். முதல் வாரத்தில் அதற்கு 32 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும்.

இரண்டாவது தப்பு தீனி. காட்டில் இந்த வயதில் புழு, பூச்சி, கொசுப்புழு என்று சத்தானதை தேடித் தின்னும். வீட்டில் கிடைப்பதோ சோறும், பன்னும். வெறும் சோற்றில் வளர்ந்தால் சத்து குறைந்து கால் வளைந்து விடும். பிழைத்தாலும் பறக்கத் தெம்பு இருக்காது.

மூன்றாவது, மனிதனையே தாயாக நினைத்து விடும். பொரித்த உடன் பார்ப்பவரை தாயாக நினைத்து பின்னால் வரும் இந்த குணத்தை வாத்துக்களில் ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1973-ல் நோபல் பரிசு பெற்றவர். அப்படி பழகிய பறவையை பிறகு ஏரியில் விட்டால், ஆளைக் கண்டு ஓடத் தெரியாமல் வலைக்காரன் கையில் சிக்கும்.

வீட்டு வாத்தோடு சேர்த்து வளர்த்தால் இன்னொரு தலைவலி. புள்ளிமூக்கு வாத்து நாட்டு வாத்தோடு கலந்து கலப்பினம் உருவாகும். பறவைக் காய்ச்சல் பயமும் உண்டு. பக்கத்து கேரளாவில் ஆலப்புழை பகுதியில் 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இந்த நோயால் வளர்ப்பு வாத்துகள் கூட்டம் கூட்டமாக அழிக்கப்பட்டன. அடி வாங்கியது ஏழை வாத்து வளர்ப்பவர்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி காட்டுப் பறவையை பிடிப்பது மட்டுமல்ல, முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் 'வேட்டை' கணக்கில்தான் வரும். 2022-ல் திருத்தப்பட்ட பிறகு 3 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தண்டனை கடுமையாகி இருக்கிறது.

கறிக்காக வலை விரிப்பவனுக்கும், பாவப்பட்டு தூக்கி வந்தவருக்கும் ஒரே சட்டம்தானா? கேட்க கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பிக்க சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. காட்டு உயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்து போலீஸ் நிலையத்திலோ, வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். இது கிராமத்தில் எத்தனை பேருக்கு தெரியும் என்பதுதான் கேள்வி.

முறையாக செய்தால்...

காட்டு வாத்து குஞ்சை வளர்க்கவே கூடாது என்பதில்லை. மடகாஸ்கர் தீவில் ஒழிந்தே போனதாக கருதப்பட்ட போச்சார்டு வாத்து, 2006-ல் ஒரு ஏரியில் சில மட்டும் இருப்பது தெரிந்தது. 2009-ல் நிபுணர்கள் அரசு அனுமதியோடு முட்டைகளை எடுத்து பொரிக்க வைத்து குஞ்சுகளை வளர்த்தார்கள். அதன் சந்ததியில் 21 வாத்துகள் 2018 டிசம்பரில் சோபியா ஏரியில் விடப்பட்டன. அழிவில் இருந்த இனத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது.

அங்கே டாக்டர், தீனி, அனுமதி எல்லாம் இருந்தது. இங்கே அட்டைப்பெட்டியும், ஒரு கை சோறும்தான் இருக்கிறது.

மழைக்காலம் தொடங்கும் முன்பே ஏரிக்கரை கிராமங்களில் வனத்துறை தண்டோரா போட்டு, யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூட சுவரில் எழுதி வைத்தாலே பாதி குஞ்சுகள் பிழைக்கும். மீதி, பார்ப்பவர்கள் கையில் இருக்கிறது. குஞ்சைக் கண்டால் தொடாமல் நாலு அடி தள்ளிப் போவதுதான் அதற்கு செய்யும் பெரிய உதவி.