ஆங்கிலம் பழகுவோம்: 'எனக்கு' வந்தால் 'இங்' வேண்டாம்

"ஐ ஆம் நோயிங் ஹர்", "மை சன் இஸ் ஹேவிங் பீவர்". இப்படிப் பேசுவது நம் வீடுகளில் மட்டுமல்ல, தெற்காசியா எங்கும் உள்ள வழக்கம்தான். கேட்பவருக்குக் கருத்து விளங்கிவிடும். ஆகவே பேசக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் வேலைக்கு எழுதும் விண்ணப்பத்திலும் பிள்ளையின் பரீட்சைத் தாளிலும் இது பிழையாகவே கொள்ளப்படும்.

காரணம் எளிது. சமைத்தல், தைத்தல், எழுதுதல் ஆகியவை செயல்கள். அவை தொடங்கும், நடந்துகொண்டிருக்கும், முடியும். ஆகவே "ஷீ இஸ் குக்கிங்" எனலாம். அறிதல், விரும்புதல், உடைமை ஆகியவையோ நிலைகள். அவற்றுக்கு "ஐ நோ", "ஐ வோண்ட்", "ஐ ஹேவ்" என்ற சாதாரண நிகழ்காலமே போதும்.

சகோதரிகளே, இதற்கு நம் தமிழிலேயே ஒரு திறப்பு இருக்கிறது. "நான் சமைக்கிறேன்" என்கிறோம். ஆனால் எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்கு விளங்குகிறது, எனக்குக் காய்ச்சல், எனக்கு இரண்டு பிள்ளைகள் என்கிறோம். இந்த 'எனக்கு' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'இங்' வராது.

காதில் தானாக விழுந்தால் "எனக்குக் கேட்கிறது": "ஐ ஹியர்". கவனித்துக் கேட்டால் "நான் கேட்கிறேன்": "ஐ ஆம் லிஸனிங்". வேறுபாடு நம் நாவிலேயே இருக்கிறது!

ஒரு சில சொற்கள் மட்டும் இந்தத் திறப்புக்கு அகப்படாதவை. "நான் நம்புகிறேன்" என்றாலும் "ஐ பிலீவ்" தான்.

இன்னும் சில சொற்கள் இரு பக்கமும் நிற்கும். "ஐ திங்க்" என்றால் என் அபிப்பிராயம். "ஐ ஆம் திங்கிங்" என்றால் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "த கறி டேஸ்ட்ஸ் குட்" என்பது கறியின் ருசி. "ஐ ஆம் டேஸ்டிங் த கறி" என்பது அகப்பையில் எடுத்து உப்புப் பார்ப்பது.

"2003 இல் தொடங்கிய மக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் 'ஐம் லவிங் இட்' என்கிறார்களே?" என்று பிள்ளைகள் கேட்கலாம். இந்தக் கணத்தில் ரசிக்கிறேன் என்று காட்ட, பேச்சு வழக்கில் அப்படிச் சொல்வதுண்டு. பரீட்சையில் "ஐ லவ் இட்" என்றே எழுதட்டும்.

பயிற்சி:
1. எனக்கு இந்தப் புடவை பிடிக்கும்.
2. உம்மா வானொலி கேட்கிறார்.
3. வாப்பா பகலுணவு சாப்பிடுகிறார்.

விடைகள்:
1. ஐ லைக் திஸ் சாரி.
2. உம்மா இஸ் லிஸனிங் டு த ரேடியோ.
3. வாப்பா இஸ் ஹேவிங் லன்ச். (இங்கே 'ஹேவ்' உடைமை அல்ல, உண்ணும் செயல், ஆகவே 'இங்' சரி.)