பழஞ்சோற்றுப் பெருமையும் ஒரு நாயின் குடலும்

கனடாவின் ரொக்ஸ்பரோவில் வசிக்கும் நம்மவர் ஒருவர், தம் பத்து மாத அல்சேஷன் நாய்க்கு நான்கு மாதமாக வயிற்றோட்டம் நிற்கவில்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தார். அனுதாபம் வந்தது. அடுத்த பந்தியிலேயே அது போய்விட்டது. மிருக வைத்தியர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகளைப் பணம் பிடுங்கும் தந்திரம் என்று தள்ளிவிட்டு, ஊரில் பழஞ்சோறும் மீன்தலையும் தின்ற நாய்களுக்கு வராத வருத்தம் இங்கே மட்டும் ஏன் வருகிறது என்று கேட்கிறார். பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார்: பை உணவும் வைத்தியர்களும்தான் காரணமாம்.

முதலில் அந்த ஊர் நாய். ஒரு பெட்டை நாய் ஈன்ற குட்டிகளில் எத்தனை வளர்ந்து முற்றத்தில் படுத்தன? மிச்சக் குட்டிகள் கொக்கிப்புழுவிலும் பார்வோ வைரஸிலும் இரத்தமாகக் கழிந்து வேலியோரத்தில் செத்தன. அவற்றுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, கணக்கும் வைக்கவில்லை. தப்பியதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஊர் நாய்க்கு நோயே இல்லை என்பது, சுடலைப் பக்கம் போகாதவன் ஊரில் சாவே இல்லை என்று சொல்வது போன்றது.

சோற்றின் மீது எனக்கு வழக்கில்லை. 2013இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு, மாச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதிகளாக இருக்க, பரிசோதித்த நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதனோடு வாழ்ந்த நாய் சோற்றுக்குப் பழகிவிட்டது. ஆனால் கட்டுரையாளர் போடுவது வெறும் சோறு அல்ல. கறிச்சட்டியை வழித்த சோறு. அதில் சேரும் வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. வதக்கினாலும் அவித்தாலும் அந்தக் குணம் போகாது.

வேடிக்கை இனிமேல்தான். அவர் கட்டுரையின் முதல் பக்கத்தில் பழஞ்சோற்றுக்கே பிறந்த நாய், மூன்றாம் பக்கத்தில் ஓநாயாகிவிடுகிறது. ஓநாய் ஆனபடியால் பச்சை இறைச்சி போட வேண்டுமாம். எந்தப் பக்கத்து நாயை நாங்கள் நம்புவது? 2023 நவம்பரில் கனடாவின் பொதுச் சுகாதார முகமை, பல மருந்துகளுக்கு மசியாத சல்மோனெல்லா தொற்றுப் பற்றி எச்சரித்தது. செல்லப்பிராணிகளுக்கான பச்சை இறைச்சி உணவோடும் மாடுகளோடும் அது தொடர்புபடுத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் சிறு குழந்தைகள் பலர். வயிறு ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் நாய்க்கு, பிள்ளைகள் தவழும் வீட்டில், இதுதான் வைத்தியமா?

அடுத்து, வீட்டு அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த மெற்றோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி. கொடுத்தால் நிற்கிறது, விட்டால் திரும்புகிறது, மறுபடி கொடுக்கிறேன் என்று பெருமையாக எழுதுகிறார். இதைச் சுகம் என்று சொல்வதில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் நோயற்ற நாய்களுக்கு இந்த மருந்தை இரண்டு வாரம் கொடுத்தார்கள். நிறுத்தி நான்கு வாரம் கழித்தும் குடல் நுண்ணுயிர்கள் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. நல்ல குடலுக்கே இந்தக் கதி. அளவு கூடினால் நாய் நடை தடுமாறும், நரம்பு பாதிக்கப்படும்.

இனி, அவர் 'தந்திரம்' என்று பழித்த பரிசோதனைகள். தம் நாயைப் பற்றி அவரே எழுதியதை மீண்டும் படித்துப் பார்க்கட்டும்: வெறிபிடித்தது போலத் தின்கிறது, ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது, வெளிறிய மலம் குவியல் குவியலாகப் போகிறது. இளம் அல்சேஷனில் இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த வைத்தியரும் கணையத்தைத்தான் முதலில் சந்தேகிப்பார். செரிமான நொதிகளைச் சுரக்கும் திசு அழிந்துபோகும் நோய் அந்த இனத்தில் பேர்போனது. அப்படிப்பட்ட நாய் தட்டு நிறையத் தின்றும் பட்டினி கிடக்கிறது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில், கணைய நொதியைக் காட்டும் டிஎல்ஐ அளவைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். நோய் உறுதியானால் சாப்பாட்டோடு நொதித்தூள் கலந்து கொடுக்கலாம். அவர் மறுத்த முதல் பரிசோதனை இதுதான்.

இரண்டாவது, மலப் பரிசோதனை. ரிவியேர் டெ பிரெரி ஆற்றங்கரையில் நாய் குனிந்து தண்ணீர் குடிப்பதை ரசித்து எழுதியவருக்கு ஜியார்டியா ஒட்டுண்ணி இருப்பது தெரியாது போலும். அதன் கூடுகள் எல்லா நாளும் மலத்தில் வராது. ஆகவே ஒருநாள் மாதிரியில் ஒன்றும் இல்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது. அதனால்தான் வைத்தியர் சில நாள் மாதிரிகளைக் கேட்டார்.

மூன்றாவது, உணவுச் சோதனை. மூன்று வாரத்துக்கு மேல் நீளும் வயிற்றோட்டத்தில் ஒட்டுண்ணியும் கணையமும் இல்லையென்றால், இளம் நாய்களில் பெரும்பாலும் உணவை மாற்றினாலே குணம் தெரியும். கொடுப்பது, நாய் இதுவரை தின்னாத ஒரு புரதம், அல்லது நுண்ணிய துண்டுகளாக உடைக்கப்பட்ட புரத உணவு. பலன் வருவதானால் அநேகமாக இரண்டு வாரத்துக்குள் தெரியத் தொடங்கும். நிபந்தனை ஒன்றே: வேறு எதுவும் வாயில் படக்கூடாது. கட்டுரையாளர் செய்து பார்த்துத் தோற்றதாகச் சொல்கிறார்; அதே பந்தியில் அம்மம்மா மேசைக்குக் கீழே ரொட்டித் துண்டு நீட்டியதையும் பாசத்தோடு குறிப்பிடுகிறார். அங்கே சோதனையே நடக்கவில்லை. பிறகு தோற்றது எது?

செலவு அதிகம் என்ற முறைப்பாட்டில் நியாயம் உண்டு. இந்த நாட்டில் மிருக வைத்தியம் மலிவல்ல. அப்படியானால் வைத்தியரிடம் கேட்க வேண்டியது, எந்தப் பரிசோதனையை முதலில் செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பதே. காத்திருப்பதும் இலவசம் அல்ல. அறிகுறி தொடங்கிய பிறகு எடுத்த காப்புறுதி பொதுவாக அந்த நோய்க்குப் பணம் தராது. மெலிந்து, பி12 குறைந்துபோன நாயைத் தேற்றும் செலவு இன்னும் கூடும்.

ஊர்ப் பெருமையை அவர் தாராளமாக எழுதட்டும். தம் நாவுக்குப் பழஞ்சோறு வேண்டுமானால் தின்னட்டும். நாயின் உடம்பில் அந்தப் பெருமையை நிரூபிக்கப் பார்க்கவேண்டாம். வைத்தியர் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போகட்டும். அடுத்த இதழில் அவர் எழுதினால், அபிப்பிராயம் வேண்டாம். டிஎல்ஐ எவ்வளவு என்று எழுதட்டும்.