செங்கல்லை மறைத்து, மேலே செங்கல் ஒட்டி...

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர் பக்கம் இருக்கிற ஊர் குன்றாண்டார்கோவில். 8-ம் நூற்றாண்டில் குன்றைக் குடைந்து செய்த சிவன் கோயில் அங்கே இருக்கிறது. அதற்கு முன்னால், பிற்காலத்தில் கட்டிய ஒரு மண்டபம். சக்கரமும் குதிரையுமாகத் தேர் வடிவம். தேர் மாதிரி இருந்தாலும் கல் கல்லாகவே தெரிகிறது. எதையும் ஒளிக்கவில்லை.

இதை ஏன் சொல்ல வேண்டும் என்றால்... ஃபிளாட்டைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் இப்போது 'வார்ம் மாடர்ன் இண்டஸ்ட்ரியல்' ஸ்டைலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். ஒரு பக்கச் சுவர் செங்கல், இன்னொன்று சிமெண்ட் நிறம், கூரையில் கருப்பு பைப், மரப்பலகை ஷெல்ஃப், மஞ்சள் பல்ப். பார்க்க அழகுதான், மறுப்பதற்கில்லை. கேள்வி வேறு.

பழைய ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் சுவரே நிஜச் செங்கல்தான். அதன்மேல் சிமெண்ட் பூச்சு, பட்டி, பிரைமர், பெயிண்ட். இத்தனைக்கும் மேலே காசு கொடுத்து செங்கல் மாதிரி டைல்ஸ், இல்லாவிட்டால் வால்பேப்பர்! உள்ளே இருப்பதை மூடிவிட்டு அதன் படத்தை வெளியே மாட்டுவது எந்த ஊர் நியாயம்?

"அப்படியானால் பூச்சை உடைத்துவிடலாமே" என்று சிலர் உளியோடு கிளம்புகிறார்கள். அது இன்னும் மோசம். எப்படியும் பூசப்போகிற சுவர் என்று கொத்தனார் அடுக்கிய செங்கல்லில் வரிசை அழகாக இருக்காது. வெளிச்சுவராக இருந்தால் மழைத்தண்ணீர் வேறு இறங்கும். தூணிலும் பீமிலும் கைவைத்தால் கேட்கவே வேண்டாம். கம்பியை மூடிய கான்கிரீட் பெயர்ந்தால் காற்றும் ஈரமும் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து மீதிக் கான்கிரீட்டையும் பிளக்கும். மேல்மாடிக்காரரின் தலையெழுத்தையும் சேர்த்துத்தான் அந்த உளி எழுதுகிறது!

இந்த ஸ்டைல் பிறந்த இடம் வேறு. 1960-களில் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஆலைகளும் கிடங்குகளும் காலியாகக் கிடந்தன. கையில் காசில்லாத ஓவியர்கள் குறைந்த வாடகைக்கு அங்கே குடியேறினார்கள். பூசாத சுவரும் வெளியே தெரிந்த பைப்பும் ஆலை விட்டுப்போனவை. கலைஞர்கள் அங்கே வசிக்கலாம் என்று நகர நிர்வாகம் அனுமதி கொடுத்ததே 1971-ல்தான்.

சென்னையிலும் நிஜ ஆலை இருந்தது. பெரம்பூர் பின்னி மில். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்ததே அந்த ஆலைத் தொழிலாளிகளைக் கொண்டுதான். 1996-ல் மில்லை மூடினார்கள். அது நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடிகள். நிஜ ஆலை போய்விட்ட ஊரில், ஆலை வேஷம் கட்டிய ஹால்கள்! இதைவிட வேடிக்கை உண்டா?

அடுத்தது அந்த 'வார்ம்'. நியூயார்க் பனிக்கு வெதுவெதுப்பு சுகம். புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் வெதுவெதுப்பை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? :-)

செங்கல் பிடிப்பது தப்பில்லை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் செங்கல்லைப் பூசாமலே வீடு வீடாகக் கட்டினார். பூச்சுச் செலவு மிச்சம். அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் சுவருக்குள் காற்று இடைவெளி இருக்கும். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் குறையும், வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. ஆனால் அது கட்டும்போதே எடுக்க வேண்டிய முடிவு. கட்டி முடித்த ஃபிளாட்டில் ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை.

அந்த ஃபிளாட்டுக்கு என்ன செய்யலாம்? முதலில் ஒழுகுகிற பைப்பையும் பழைய ஒயரையும் மாற்றலாம். ஜன்னலை அடைத்து நிற்கிற அலமாரியை நகர்த்தினால் காற்று வரும். மீதிக் காசில் தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாம். பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் கையால் செய்கிறார்கள். காலுக்குக் குளுமை, செய்தவர் கைக்குக் கூலி.

இண்டஸ்ட்ரி என்றால் தொழில். அந்த வார்த்தைக்குச் செய்கிற மரியாதை, தொழிலாளிக்கு வேலை கொடுப்பதுதான். சுவரில் ஆலைப் படம் ஒட்டுவது இல்லை.